நர்ஸ் கிரேஸ்லினுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

தல்லாகுளம், மதுரை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, மிஷன் பள்ளியில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற இன்பசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மகள் பெர்சியும் நலம். தாங்களும் அலுவலகத்தாரும் நலமாயிருக்க வேண்டும். நலமில்லாதவள் கிரேஸ்லின் ஒருத்திதான்; அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கள் வார இதழில் வந்த தொடர்கதையில் சுந்தரவல்லி டீச்சர் என்று ஒருத்தி இருந்தாள். திட்டிக்கொண்டே சோறு போடுவாள். சோதனைக்கு வந்த அதிகாரியையே "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் மெரட்டுங்க" என்றவள். கடைசி வாரத்தில் அவளைக் கொன்றுவிட்டீர்கள். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளைப் போல இன்னொருத்தி கிடைப்பாளா என்று நூலகத்தில் நான் தேடாத அலமாரி கிடையாது. கிடைத்தவர்கள் திட்டினால் சோறு போடுவதில்லை, சோறு போட்டால் திட்டுவதில்லை.

பிறகு தங்கள் புதிய தொடரில் நர்ஸ் கிரேஸ்லின் வந்தாள். முதல் வாரமே பெரிய டாக்டர் கையிலிருந்த போனைப் பிடுங்கி வைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள். "பெர்சி, டீச்சர் திரும்பி வந்துட்டாம்மா!" என்று கூவிவிட்டேன். அதே வாய், அதே மனசு. ஆனாலும் அவளேதான் என்று சொல்லிவிட முடியாது. டீச்சர் அழவே மாட்டாள். இவள் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆளைத் திட்டுகிறாள். இதை எழுதுகிற கைக்குத் தங்கக் காப்பே போட்டாலும் தகும் ஐயா.

அப்பேர்ப்பட்டவளைப் போன மாதம் லாரி மோத வைத்து ஐ.சி.யூ.வில் படுக்கப் போட்டீர்கள். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. எங்கள் சபையில் ஜெபக் குறிப்புப் பெட்டி உண்டு. நோயாளியின் பெயரை எழுதிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிப்பார், சபையே ஜெபிக்கும். கை தானாக 'நர்ஸ் கிரேஸ்லின், விபத்து, கவலைக்கிடம்' என்று எழுதிவிட்டது. மூன்று வாரமாகப் போதகர் அதைத்தான் முதலில் வாசிக்கிறார். பெண்கள் ஐக்கியச் செயலாளர் மரியம்மாள் வாசலிலேயே மறித்து, "அண்ணே, புள்ளைய வார்டுக்கு மாத்திட்டாகளா?" என்கிறார். "இன்னும் இல்லம்மா" என்கிறேன். போதகரோ, "ஆஸ்பத்திரிக்கே போய் ஜெபிப்போம், எங்கன்னு சொல்லுங்க" என்கிறார். எழுபது வயதில் சபை நடுவே நின்று, அப்படியொரு பெண்ணே இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் இல்லை என்பதில் எனக்கே நம்பிக்கையில்லை.

ஆகவே அடுத்த இதழிலேயே அவளைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குணமானதற்கு நன்றி சொல்லி நான் ஒரு ஸ்தோத்திரக் குறிப்பு எழுதிப் போட்டு, யாருக்கும் தெரியாமல் விஷயத்தை முடித்துக்கொள்கிறேன்.

தங்களுக்கும் கதாசிரியரின் பேனாவுக்கும் தேவகிருபை குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இன்பசேகரன்

பி.கு.: தபாலாபீஸ் வாசலில் நின்று இதை எழுதுகிறேன். இங்கே மரியம்மாளைப் பார்த்ததும் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தெரியும்ணே. ஐக்கியத்துல நாப்பது பேரும் அந்தக் கதையத்தான் படிக்கிறோம். ஒரே புஸ்தகம், கைமாறி வர நாளாயிருது. நீங்க மொதல்லயே படிச்சிருப்பீகளேன்னுதான் வார்டுக்கு மாத்திட்டாகளான்னு கேட்டேன். போதகர்ட்ட மட்டும் சொல்லிறாதீக, ஜெபத்த நிப்பாட்டிருவாரு. டீச்சருக்கு யாரும் ஜெபிக்கல, பாத்தீகள்ல?" என்றார். ஆகவே மேலே கேட்டதை அடித்துவிடுங்கள். அவசரமில்லை; நன்றாகக் குணமான பிறகே அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். நாங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.