மாமியாருக்கும் எனக்கும் நடுவில் எத்தனை இஞ்சு

இந்த முறை மாமியாரை வரவிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். சத்தமாகச் சபதம் எடுக்கிற வசதி என் வீட்டில் கிடையாது.

நான் தையல்காரன். எங்கள் வீட்டில் கூடுதலாக இருப்பது ஒரே ஓர் அறை. அதில்தான் தையல் மெஷின். மாமியார் வந்தால் அறை அவருக்கு, மெஷின் குளியலறை வாசலுக்கு. போன தடவை அங்கே உட்கார்ந்துதான் தைத்தேன். குளித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் என் தலையில் சொட்டிவிட்டுப் போனார்கள். போதாக்குறைக்கு, "தையல் கோணலா இருக்கு மாப்பிள்ளை" என்று ஒரு கோட்டின் கையை மாமியாரே பிரித்துப் போட்டார். கோட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மாமியார் இருப்பது மச்சான் வீட்டில், கடல் தாண்டி. அதுதான் எனக்குக் கிடைத்த ஆயுதம்.

மகளின் பூகோள உருண்டையை மேசையில் வைத்தேன். இஞ்சு டேப்பை எங்கள் ஊரில் பிடித்து, உருண்டையின் பின்பக்கமாகச் சுற்றி மச்சான் ஊருக்கு இழுத்தேன்.

"பாத்தியா? உலகத்துல முக்கால்வாசி. பிளேன்ல ரெண்டு நாள் ஆகும். உங்கம்மாவுக்குக் கால் வீங்கிடும், பாவம்."

மனைவி டேப்பையே பார்த்தாள். "என் சட்டைக்கும் இப்படித்தான் சுத்தி அளவெடுத்தீங்களா? அதுக்குள்ள ரெண்டு பேர் குடியிருக்கலாம்."

"பேச்சை மாத்தாதே. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப அம்மாகிட்டயே சொல்லிடலாம்" என்று போனைப் போட்டு மேசையில் வைத்தாள். போனில் ஒரு நாய் குரைத்தது. எங்கள் தெரு நாயும் கூடவே குரைத்தது. உலகம் பூரா நாய்கள் ஒரே நேரத்தில்தான் குரைக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, உன் மாப்பிள்ளை அளந்து பாத்துட்டார். ரெண்டு நாள் பயணமாம்."

"அப்படியா? அவ்வளவு தூரம் வந்துட்டு பத்து நாள்ல திரும்பினா நல்லாவா இருக்கும்? ஆறு மாசமாவது இருந்துட்டுத்தான் போகணும்."

டேப்பை உருவி முன்பக்கமாக இழுத்தேன்.

"அத்தே, தப்பா அளந்துட்டேன். ரொம்பக் கிட்டதான். சாப்பிட்டுக் கண்ணசந்தா ஊர் வந்துடும்."

"அவ்வளவு கிட்டயா?" என்றாள் மனைவி. "அப்ப மாசாமாசம் வரலாமே."

"வந்தாப் போச்சு" என்றது போன்.

ஒருதடவை மெஷினை நகர்த்தினாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாசாமாசம் என்றால் நான் காலி.

"தூரம்தான் அத்தே. முதல்ல அளந்ததுதான் சரி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"யோசிச்சுட்டேன். ரெண்டு நாள்."

"அப்ப ஆறு மாசம். நீங்களே சொல்லிட்டீங்க."

அந்தக் கடைசி வார்த்தை போனிலும் கேட்டது, வாசலிலும் கேட்டது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். மாமியார் நின்றிருந்தார். ஒரு கையில் போன், மறுகையில் பெட்டி, பின்னால் தெரு நாய்.

நான் முதலில் அவர் காலைத்தான் பார்த்தேன். வீங்கவே இல்லை.

"காலையிலேயே வந்து இறங்கிட்டேன் மாப்பிள்ளை. எத்தனை நாள் இருக்கறதுன்னுதான் முடிவாகாம இருந்துச்சு."

நான் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறை வாசலை அளந்தேன். இந்தத் தடவை சரியாகவே அளந்தேன்.