பாசிக்கு மந்திரித்த உறை

பூங்காவின் நடுவே இருந்த அலங்காரக் குளம் பச்சையாகிவிட்டது. குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சிமெண்ட் தொட்டி, நடுவில் நீரூற்று, சுற்றிலும் உட்காரப் பெஞ்சு. அவ்வளவுதான். பாசி பிடித்தால் தண்ணீரை இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டிய சங்கதி. ஆனால் ஊர் தேய்க்கவில்லை. கூட்டம் கூட்டமாக வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

எல்லாம் தெளிநீர் ஐயாவின் கைங்கரியம். வெள்ளை அங்கி, கனத்த குரல், பாதி மூடிய கண். "இது பாசி இல்ல. உங்க வீட்டுப் பாவமெல்லாம் இங்க வந்து நிறமா நிக்குது" என்று ஒரு நாள் அருள்வாக்குச் சொன்னார். அவ்வளவுதான், ஊர் மொத்தமும் அங்கே குடிவந்துவிட்டது. நீரூற்றுச் சத்தத்தில் ஐயாவின் குரல் கேட்கவில்லை என்று மோட்டாரை நிறுத்தினார்கள். மரங்கள் ஐயாவை மறைக்கின்றன என்று கிளைகளை வெட்டினார்கள். பாவம் கரையட்டும் என்று ஆளுக்கொரு ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார்கள். தண்ணீர் அசையாமல் நின்றது, வெயில் தாராளமாக விழுந்தது, சாப்பாடும் வந்து சேர்ந்தது. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து கொழுத்தது. பாவம் பெருகுகிறது பார்த்தீர்களா என்றார் ஐயா. ஊர் நடுங்கியது.

நடுங்குகிற ஊரில் வியாபாரம் தானாக நடக்கும். வடிகட்டிய குளத்து நீரை ஜாடியில் அடைத்து, அறைக்கு ஒன்று வைக்கச் சொல்லிக் கொடுத்தார். எந்த ஜாடி பச்சை பிடிக்கிறதோ, அந்த அறையில் இருப்பவர்தான் பாவி. அதற்குப் பரிகாரம், ஐயா கைப்பட மந்திரித்த கறுப்பு உறை. ஜாடியை அதற்குள் போட்டுக் கட்டி வைத்தால், சில நாளில் பச்சை செத்து அடியில் படியும், தண்ணீர் தெளியும். அடியில் படிந்ததற்குப் பாவச் சாம்பல் என்று பெயர். அதைப் பயபக்தியோடு கொண்டுபோய் மறுபடி குளத்திலேயே கொட்ட வேண்டும். ஐயா எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை.

அந்த உறைகளையெல்லாம் தைத்தவர் கடைத்தெரு முனைத் தையல்காரர். ஐயாவின் ஆர்டர் கறாரானது: இரட்டைத் துணி, இரட்டைத் தையல், ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே புகக் கூடாது. தையல்காரர் ஒவ்வொரு உறையையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். கண்ணால் பார்த்தாரே தவிர, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. பக்தி அப்படி.

அவர் வீட்டிலும் இரண்டு ஜாடி இருந்தது. அவரும் மனைவியும் படுக்கிற அறை கடைக்குப் பின்னால் பொந்து மாதிரி இருக்கும், ஜன்னலே கிடையாது. அங்கே இருந்த ஜாடி தெளிவாக இருந்தது. மச்சினியின் அறையில் இருந்தது பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. அவள் மனைவியின் தங்கை. கணவனைப் பறிகொடுத்துவிட்டு அக்கா வீட்டில் வந்து ஒதுங்கியவள், கடைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். பட்டன் துளைக்கு நூல் சுற்றுவது கண்ணைப் பிடுங்குகிற வேலை என்று, வீட்டில் பெரிய ஜன்னல் உள்ள அறையை அவளுக்கு விட்டிருந்தார்கள். அந்த ஜன்னலில்தான் ஜாடியும் இருந்தது.

உறை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் தையல்காரர் நினைத்தார். ஐயா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஆர்டர் கொடுக்கக் கடைக்கு வந்தபோது, மந்திரத்துக்கு எதற்கு இரட்டைத் துணி என்று அந்தப் பெண் கேட்டதை அவர் மறக்கவில்லை. இந்தப் பாவம் உறைக்கு அடங்காது, ஆளை வீட்டை விட்டு அனுப்பினால்தான் குடும்பம் தப்பும் என்று சொல்லிவிட்டார்.

மனைவி அழுதாள். தையல்காரர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மச்சினிக்கு வேறு போக்கிடம் கிடையாது என்று தெரிந்திருந்தும், தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். அவள் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தாள்.

"போறேன் அத்தான். போறதுக்கு முன்னாடி ஐயாகிட்ட ஒரே ஒரு சந்தேகம் கேட்கணும். நீங்களும் வாங்க."

மறுநாள் குளத்தங்கரையில் நல்ல கூட்டம். அவள் பணிவாகத்தான் கேட்டாள்.

"ஐயா, தண்ணி தெளியறது உங்க மந்திரத்தாலயா, எங்க அத்தான் தைக்கிற துணியாலயா?"

ஐயாவுக்கு இது நெஞ்சில் குத்துகிற கேள்வி. துணியால் என்று சொன்னால் அவனவன் வீட்டிலேயே தைத்துக்கொள்வான்.

"மந்திரத்தாலதான். துணி வெறும் துணி" என்றார்.

"அப்ப இதையும் மந்திரிச்சுக் கொடுங்க" என்று, மெல்லிய வெள்ளைத் துணியில் தைத்த ஓர் உறையை நீட்டினாள்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா மந்திரித்தார். அவள் தன் ஜாடியின் பச்சைத் தண்ணீரை இரண்டு ஜாடிகளில் பாதிப் பாதியாக ஊற்றினாள். ஒன்று மந்திரித்த வெள்ளை உறைக்குள் போயிற்று. இன்னொன்றை அத்தானின் கிழிந்த கறுப்புக் கால்சட்டையில் வெட்டியெடுத்த ஒற்றைக் காலுக்குள் போட்டு, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டாள். அதற்கு மந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டும் குளத்துச் சுவரில் ஒரே வெயிலில் உட்கார்ந்தன.

தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்திலேயே காவல் இருந்தார். ஐயா ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மச்சினி தோற்றுவிடக் கூடாது என்றும் ஆசை. அந்த நாட்களில் அவர் தைத்த தையல் ஒன்றும் நேராக வரவில்லை.

உறைகளை அவிழ்க்கிற நாளும் வந்தது. மந்திரித்த வெள்ளை உறையை அவிழ்த்தார்கள். தண்ணீர் முன்னைவிடப் பச்சையாக இருந்தது. கால்சட்டைக் காலை அவிழ்த்தார்கள். அடியில் கொஞ்சம் வண்டல், மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"நம்பிக்கை இல்லாத ஆள் பக்கத்துல இருந்தா மந்திரம் பலிக்காது" என்றார் ஐயா.

தையல்காரர் எழுந்து நின்றார்.

"நான்தான் ஐயா பக்கத்துல இருந்தேன். என்னைவிட உங்களை நம்பினவன் இந்த ஊர்ல கிடையாது. நம்பித்தான் இந்தப் பொண்ணை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்."

ஐயாவின் பாதி மூடிய கண் அன்றுதான் முழுதாகத் திறந்தது. கூட்டம் எந்தப் பக்கம் குறைவாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நழுவினார். அதற்குப் பிறகு ஆளையே காணோம்.

தையல்காரருக்கு வெட்கமாக இருந்தது. "ஜன்னல் அறை உன்னோடதுதான்மா. நான் புத்தி கெட்டுப்போயிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் பதில் சொல்வதற்குள் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு அவளைச் சூழ்ந்தது. சரி, கேட்டுத் தெளியப் போகிறார்கள் என்று அவரும் ஒதுங்கி வழிவிட்டார்.

முன்னால் நின்றவர் அந்தக் கால்சட்டைக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மந்திரமே இல்லாம தெளிய வைக்குதே, எவ்வளவு சக்தி இருக்கும்! இன்னொரு காலை எனக்குக் கொடும்மா."

அவள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"உங்களுக்கு எதுக்குங்க? தலையில ஏற்கெனவே ஒண்ணை மாட்டிக்கிட்டுத்தானே நிக்கிறீங்க. முதல்ல அதைக் கழட்டுங்க, உள்ள கொஞ்சம் வெளிச்சம் போகட்டும்."