நாளைக் காலை டாக்டர்

ஆம்பூரில் வெந்துவிட்ட பிரியாணியைத் திறக்க விடாமல் தடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மந்திரியும் இல்லை, மாப்பிள்ளைக்குத் தாய்மாமனும் இல்லை. பஜாருக்குப் பின்னால் கிளினிக் வைத்திருக்கும் எங்கள் ‘நாளைக் காலை’ டாக்டர்.

ஊர் டாக்டர்களெல்லாம் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறோம். வகுப்பில் உட்கார்ந்து கிரெடிட் சேர்த்தால்தான் எங்கள் பதிவைப் புதுப்பிப்பார்கள். ஏற்பாடெல்லாம் அடியேன், காது மூக்கு தொண்டை டாக்டர். வருகிறவர்களில் பாதிப் பேர் கிரெடிட்டுக்காக வருவார்கள், மீதிப் பேர் பிரியாணிக்காக. பாடத்துக்காக வருகிறவர் இவர் ஒருவர்தான். முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் எதைப் பேசினாலும் கடைசியில் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

“எல்லாம் சரி டாக்டர். நாளைக் காலைல என் பேஷண்ட்டுக்கு இன்னா பண்றது?”

ரோபோ வைத்து ஆபரேஷன் செய்வதைப் பற்றி ஒருவர் வந்து பேசினார். அவரிடமும் இதே கேள்விதான். மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார்.

பிடிவாதம் இதோடு நிற்காது. தோல் பதனிடும் ஷெட்டில் ஒருத்தன் கண்ணில் மருந்துத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று ஒரு ஞாயிறு தாமதமாக வந்தார். வகுப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். யார் பார்க்கப் போகிறார்கள், போடுங்கள் சார் என்றேன்.

“பாதிச் சாப்பாட்டுக்கு முழு ஏப்பம் வுடச் சொல்றியா?”

இப்படியே போய், இந்த வருஷம் பதிவைப் புதுப்பிக்க ஒரே ஒரு வகுப்பின் கிரெடிட் குறைந்தது. அந்த வாரமே கெடு. கிடைக்காவிட்டால் கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான். ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வரிசையில் நிற்கும் கிளினிக் அது. அவரைவிட எனக்குத்தான் கவலை.

அந்த ஞாயிறு வகுப்பைச் சரிபார்க்க மெடிக்கல் கவுன்சிலிலிருந்து வந்த பார்வையாளர் புது ஆள், முறைப்பான ஆள். கடைசி வரை கூட்டம் இருக்க வேண்டும், பாதியில் கலைந்தால் ஒருவருக்கும் கிரெடிட் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அண்டா மூடியைத் திறந்து வாசனை ஜன்னல் வழியாக வந்துவிட்டால், எங்கள் கூட்டத்தை ஆண்டவனாலும் உட்கார வைக்க முடியாது.

வேலூர் பாகாயம் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த இளம் டாக்டரம்மா சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். நடுவில், மூடிமேல் இருந்த நெருப்பை வாரும் சத்தம் கேட்டது. பின் வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. நம் டாக்டர் எழுந்து வெளியே போனார். பாத்ரூமுக்கு என்று நினைத்தேன்.

அவர் போனது சமையல்கட்டுக்கு. அண்டா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரியாணி மாஸ்டர் பாய் அவரிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்.

“மூடியத் தொட்டீன்னா இனிமே மாத்திரை கிடையாது பாய். ஊசிதான்.”

பாய் தொடவில்லை. வாசனை வரவில்லை, கூட்டம் அசையவில்லை, பார்வையாளர் முகமே மலர்ந்துவிட்டது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் சமையல்கட்டுக்கே ஓடிப் பேனாவை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பின்பாதிய நான் கேக்கல. அடுப்பாண்ட இருந்தேன்.”

“வகுப்பைக் காப்பாத்தினதே நீங்கதான் சார்.”

“காப்பாத்தினேன். கேக்கலயே.”

கிளினிக்கை மூட வேண்டுமே என்று கத்தியேவிட்டேன். மூடிக்கலாம் என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சமாளித்தேன்.

பின்னாலேயே வந்த பார்வையாளர் அவரையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, அந்தப் பின்பாதியை இன்னொரு முறை நடத்த முடியுமா என்று கேட்டார். அந்தம்மா அங்கேயே ஆரம்பித்தார். பாய் தயங்கித் தயங்கித் தன் காலை ஸ்டூல்மேல் வைத்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், அடுப்பருகே வெறுங்காலோடு நின்று வந்தது. யாரிடமும் காட்டியதில்லையாம். பிரியாணிக்காகவே வருகிறவர்கள் உட்பட அத்தனை டாக்டர்களும் தட்டும் கையுமாகச் சுற்றி நின்று பாடம் கேட்டோம்.

முடிந்ததும் எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம்.

“எல்லாம் சரிம்மா. நாளைக் காலைல பாய்க்கு இன்னா பண்றது?”

“நாளைக்கு வேணாம் சார். இப்பவே கட்டுப் போடுங்க.”

நம் டாக்டர் குந்தி உட்கார்ந்து நிதானமாகக் கட்டுப் போட்டார். கை கழுவினார். அப்புறம்தான் கையெழுத்து. பிரியாணி அடிப்பிடித்திருந்தது. ஒருவரும் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை, நான் இரண்டாம் முறையும் வாங்கினேன்.

நானும் டாக்டர்தான். ஆனால் என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால், காலையில் முதல் ஆளாக அவர் கிளினிக் வாசலில்தான் நிற்கிறேன்.