நாற்பதடி ராஜதந்திரம்

உலகத்தின் அச்சு எங்கள் மாபூத் தீவின் மீன்துறை வழியாகத்தான் போகிறது. வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற நாடுதான். ஆனாலும் ஐக்கிய நாடுகள் சபையில் எங்களுக்கு முழுசாக ஒரு ஓட்டு உண்டு. அதன் மகிமையைச் சொல்கிறேன், நம்புங்கள். எழுபத்தொன்பது வயதில் பொய் சொல்ல எனக்குப் பல் இல்லை.

போன புயல் எங்கள் கடல்பாலத்தைத் தின்றுவிட்டது. மீனை வாங்கி ஏற்றிப்போகிற ஐஸ் படகோ ஆழத்தில்தான் நிற்கும். மீன்காரி யூடோக்சி சூரைக் கூடையைத் தலையில் வைத்துக் கழுத்தளவு தண்ணீரில் நடந்தாள். அலை அடித்தால் மீன் கடலுக்கு, படகு கிளம்பிவிட்டால் நாய்க்கு.

மாண்புமிகு மந்திரி ஆன்செல்ம் வால்மோன் தொலைநோக்கோடு எங்கள் ஓட்டைக் கிழக்கு வல்லரசுக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவர்களுடைய ‘நட்புறவு’ கப்பலில் வந்திறங்கிக் கரையிலிருந்து பாதிப் பாலம் கட்டியது. பிறகு, இன்னும் பெரிய தொலைநோக்கோடு, ஓட்டை மேற்கு வல்லரசுக்கு மாற்றினார். எதிராளி பூசிய சிமெண்டை அவர்கள் தொடமாட்டார்களாம், கொள்கை. கடல் பக்கமிருந்து கட்டிக்கொண்டே வந்து, நாற்பதடி தள்ளி நிறுத்திக்கொண்டார்கள்.

“நடுவுல?” என்றாள் யூடோக்சி.

“அதுதாம்மா ராஜதந்திரம். ரெண்டு பேரும் நம்மளையே பாத்துட்டிருப்பாங்க,” என்றார் மந்திரி.

“என் மீனும் பாத்துட்டேதாங்க நாறுது.”

இங்கேதான் நாங்கள் ஒரு குற்றம் செய்தோம். எங்கள் பக்கம் யார் வீடு எழும்பினாலும் சனிக்கிழமை ஊரே சுத்தியலோடு போய் நிற்கும். வீட்டுக்காரர் சாப்பாடு போட்டால் போதும். அதே கெட்ட பழக்கத்தில் நாற்பதடிக்கும் தென்னங்கட்டை ஊன்றிப் பலகை அடித்துவிட்டோம். யூடோக்சி சீமைப்பலா அவித்து, உப்புமீன் வதக்கிப் போட்டாள். மத்தியானமே பாவாடை நனையாமல் போய் ஐஸ் படகில் கூடையை இறக்கினாள்.

திங்களன்று மந்திரி போலீஸோடு வந்தார், சாவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு.

“யாரைக் கேட்டுய்யா கட்டினீங்க?”

“யாரும் கட்டலையேன்னுதாங்க கட்டினோம்,” என்றேன்.

“பெருசு, உனக்கு உலகம் தெரியாது. நாமளே கட்டிக்குவோம்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் நம்ம ஓட்டைத் தேடி வருவான்?”

“யாரும் வர வேணாங்க. மீன் போனா போதும்,” என்றாள் யூடோக்சி.

மந்திரி கையசைத்தார். பலகைகளைப் பிடுங்கினார்கள்.

இப்போது அங்கே இரண்டு காவலர்கள் நிற்கிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் போகும் யூடோக்சிக்குச் சலாமும் வைக்கிறார்கள். எங்கள் அரசாங்கம் கையாலாகாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பாதி கிழக்கு கட்டியது, அந்தப் பாதி மேற்கு கட்டியது. நடுவிலிருக்கும் ஓட்டையை மட்டும், எந்த வல்லரசின் உதவியும் இல்லாமல், தன் சொந்தக் கையாலேயே கட்டிக் காப்பாற்றுகிறது.