ஒரு மணி குறைந்த பவள மாலை

படித்த படிப்பை வீட்டு விசேஷத்தில் காட்டக் கூடாது. இதை நான் காட்டிவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளி. அப்பா தக்காளி போடுகிறவர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். அங்கிருந்து போய் ஆழ்கடல் பவளங்களை இனம் பிரிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். (உருவத்தைப் பார்த்துப் பாதி, மரபணுவைப் பார்த்து மீதி என்று இது எந்த இனம் எனச் சொல்லும் வேலை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு மட்டும் எண்பது வருஷ அனுபவம் மாதிரி இருக்கும்.)

சித்தி மகள் வனிதாவுக்கு எங்கள் ஊர் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பொம்மிடி. மாப்பிள்ளையின் அம்மா பார்வதி, மருமகளுக்குப் போட ஒரு பவள மாலை கொண்டுவந்திருந்தார். போடுவதற்கு முன் பெருமையாக என்னிடம் நீட்டினார்.

"நீங்க பவளத்துலயே பெரிய படிப்பு படிக்கறீங்களாமே. பாத்துச் சொல்லுங்க கண்ணு. எங்கம்மா போட்டிருந்ததுங்க."

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லியிருந்தால் கேசரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருப்போம். எனக்கு அந்தப் புத்தி ஏது? நகைக்குரிய செம்பவளம் போலவே ஆழ்கடலில் மூங்கில் பவளம் என்று ஒன்று உண்டு. வெள்ளையாக இருக்கும். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றிச் செம்பவளம் என்று விற்பார்கள். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் சாயம் ஒட்டிக்கொள்ளும். வனிதாவுக்கு மேக்கப் போட்ட பெண்ணின் பெட்டியில் ரிமூவர், பஞ்சு இரண்டும் இருந்தன. (என் கெட்ட நேரம்.)

துடைத்தேன். பஞ்சு சிவந்தது.

"சாயம்ங்க. இது மூங்கில் பவளம்" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. பஞ்சைத் தூக்கி வேறு காட்டினேன்.

"சோதனை போட்டுத்தான் சம்பந்தம் பண்ணுவீங்களா?" என்று மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிட்டா, உக்காருங்க" என்று கெஞ்சினார். பார்வதி அம்மா நூலை அறுத்து ஒரு மணியை உருவி என் கையில் வைத்தார்.

"நல்லா சோதிச்சுட்டு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் தட்டு மாத்த வேண்டாங்க. பொய் நகை போட்டு மருமவளக் கூட்டிட்டு வந்தேங்கற பேரு எனக்கு வேண்டாம்."

வனிதா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

லேபில் மணியை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். துளையோரமெல்லாம் சிவப்புத் தூள் அப்பியிருந்தது. முகர்ந்தேன். குங்குமம். சித்தியிடம் போனில் கேட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள்தான் மாப்பிள்ளை வீட்டார் மாலையை அம்மன் கோயிலில் வைத்துக் குங்கும அர்ச்சனை செய்து எடுத்து வந்தார்களாம். (அன்று என் நெற்றியிலும் அவர்கள் கொடுத்த அதே பிரசாதக் குங்குமம்தான் இருந்தது.) மணியைக் கழுவித் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மணியின் மேல் இருந்த கோடுகளும் செம்பவளத்துக்கு உரிய நெருக்கமான கோடுகள்.

உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் ஆராய்ச்சியாளர் அல்லவா, எழுத்தில் முடிவு வேண்டுமென்று மரபணுச் சோதனையில் இறங்கினேன். பழைய மணியில் மரபணு லேசில் கிடைக்காது. துளி சுரண்டினேன், வரவில்லை. மறுபடி சுரண்டினேன். மூன்றாவது முறை மரபணு வந்தது. அதற்குள் மணி தூளாகிவிட்டது. இப்படியே ஐந்து வாரம் போனது. வனிதா என் போனை எடுக்கவே இல்லை.

சோதனை முடிவு எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன். "அசல் செம்பவளம்தாங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க" என்றேன்.

பார்வதி அம்மா காகிதத்தை வாங்கவில்லை. "அசல்னு எனக்குத் தெரியுமே கண்ணு. மணி எங்க?"

கைப்பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து நீட்டினேன். அடியில் ஒரு சிட்டிகை தூள் இருந்தது. அதை அவர் வாங்கிச் சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

கல்யாணம் நடந்தது. மாலை வனிதா கழுத்தில் இருக்கிறது. மணி இருந்த இடத்தில் ஒரு முடிச்சு. வேறு மணி வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பார்வதி அம்மா வேண்டாம் என்றுவிட்டார். எந்த விசேஷத்துக்கு நான் போனாலும், "குங்குமத்த எடுத்து உள்ள வைங்க, சயின்டிஸ்ட் வந்தாச்சு" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வனிதாதான் முதலில் சிரிப்பாள். பார்வதி அம்மாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, என் கண்ணில் படாதபடி, மருமகள் கழுத்திலிருக்கும் அந்த முடிச்சைப் பின்பக்கம் தள்ளிவிடுவார். நான் பார்க்காதவள் போலக் கேசரி தின்றுகொண்டிருப்பேன்.