எக்கோ இல்லாத மேய்ப்பர்

ஒரு காட்டில், செல்போன் டவர் நன்றாக எடுக்கிற மேட்டுப் பக்கமாக, ஒரு ஆட்டுப்பட்டி இருந்தது. அத்தனையும் வேதக்கார ஆடுகள். தின்பதற்கு முன் ஜெபம், தின்ற பின் அசைபோடுதல், எல்லாம் முறையாக நடக்கும்.

பட்டிக்கு ஒரு மேய்ப்பர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் ஆடுகளுக்கு அவர்மேல் குறை இருந்தது. பேசினால் தொண்டை கரகரக்கும். "அங்கே போகாதே, இதைத் தின்னாதே" என்பதே அவர் பிரசங்கத்தில் பாதி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் பண்ணுவார்.

"பக்தி உள்ள மனுசன் செய்ற வேலையா இது?" என்று கேட்பாள் கிளாடிஸ் அக்கா. கழுத்தில் மணிக்குப் பதிலாக செல்போன் தொங்கவிட்டிருக்கும் ஆடு அவள்.

அந்தப் பட்டியில் திர்சாள் என்று ஒரு இளம் தாய் ஆடு. தலைக்குட்டி பெற்றவள். குட்டி பெயர் எப்சி. எப்சிக்கு ஜெபத்தில் கண்ணை மூட வராது. மூடுவது போல மூடி, இமைக்குள்ளே இருந்து எட்டிப் பார்க்கும். திர்சாள் ஒவ்வொரு ஜெபத்திலும் அதை ஒரு முட்டு முட்டுவாள். "பிள்ளையா இது? பிசாசு!"

திர்சாள் கழுத்திலும் ஒரு போன் உண்டு. அதில் பல சத்தங்கள் வரும். காலையில் மயில் ஒருத்தி வருவாள். "யார் பேச்சையும் கேட்காதே செல்லம், உன் மனசு சொல்றதைக் கேள்" என்பாள். திர்சாளும் மனசைக் கேட்டுப் பார்த்தாள். அது பக்கத்துச் சோளக் கொல்லைக்குப் போகச் சொன்னது. போய் முதுகில் அடி வாங்கிக்கொண்டு வந்தாள். அதோடு மயிலை நிறுத்திவிட்டாள்.

பிறகு கிளாடிஸ் அக்கா அவளுக்குப் போனில் பிரசங்கம் பண்ணுகிற பிரதரைக் காட்டிக் கொடுத்தாள். காட்டிக் கொடுத்தாள் என்றாலும் பிரதர் முகம் ஒருநாளும் தெரியாது. திரையில் சூரியன் உதிக்கும், அருவி கொட்டும். சத்தம் மட்டும் வரும்.

"மகளே... களே... ளே..."

"கேட்டியாட்டி? அபிஷேகம் இல்லாட்டா ஒரே வார்த்தை இத்தனை தடவை திரும்பி வருமா? நம்ம மேய்ப்பருக்கு ஒரு தடவை வர்றதே இருமலோடதான் வருது" என்பாள் கிளாடிஸ் அக்கா.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், மேய்ப்பர் வேண்டாம் என்று சொல்லியிருந்த பயறுக்கொடியில் எப்சி வாய் வைத்துவிட்டது. வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மேய்ப்பரிடம் போனால் திட்டுவாரே என்று திர்சாளுக்குப் பயம். போனைத்தான் போட்டாள்.

"இந்தச் சத்தத்தைக் கேட்கிற ஒரு தாய் ஆடே... டே... டே... உன் குட்டிக்கு வயிறு உப்பியிருக்கிறது... கிறது..."

திர்சாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மழைக்காலத்தில் எந்தக் காட்டில்தான் வயிறு உப்பாத குட்டி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"கீழே ஆமென் என்று போடு. குட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பள்ளத்துக்குத் தனியாக வா. வழியில் ஒரு கள்ள மேய்ப்பன் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். ஏமாந்துவிடாதே... தே... தே..."

குளம்பால் ஆமென் போட்டுவிட்டுக் கிளம்பினாள். கிளாடிஸ் அக்கா பட்டி வாசலில் நின்று வழியனுப்பி வைத்தாள்.

பாதி வழியில், மூடுபனிக்குள்ளே இருந்து ஒரு கரகரத்த சத்தம். "ஏ திர்சா! எங்கட்டி போற? பிள்ளைக்கு என்ன?"

எப்சி நின்றுவிட்டது. "அம்மா, மேய்ப்பர் கூப்பிடுறாரு."

"எக்கோ வந்துதா?"

"வரலை."

"அப்போ கள்ளச் சத்தம். பிரதர் சொன்னது அப்படியே நடக்குது பாரு. நட."

பள்ளத்தில் பிரதர் நின்றுகொண்டிருந்தார். தரை வரைக்கும் வெள்ளை ஜிப்பா. தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. கையில் மைக். மூக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக வெளியே தெரிந்தது. தெய்வ மனுசர் முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்று திர்சாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குட்டியை முன்னால் விடு மகளே... களே... இப்போது கண்களை மூடுவோம்... வோம்... வோம்..."

திர்சாள் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அம்மா."

"ஷ்! ஜெபம்."

"ஜிப்பாவுக்குக் கீழே வால் ஆடுது."

"நமக்கும்தான் வால் இருக்கு. கண்ணை மூடு."

"பிரதர் வாழை இலை போடுறாரும்மா."

"ஜெபம் முடிஞ்சதும் அசனச் சாப்பாடு இருக்கும். கண்ணை மூடுட்டி."

"இலை ஓரத்துல உப்பு வைக்கிறாரு."

"வைக்கட்டும்."

"அம்மா, இலையில என்னைத்தான் உட்காரச் சொல்றாரு."

திர்சாள் ஒரு கண்ணைத் திறந்தாள். இலை இருந்தது. உப்பு இருந்தது. நடுவில் எப்சி இருந்தது. சால்வை நழுவி, ஓநாய் இருந்தது.

அவள் கத்தினாள். வார்த்தை ஒன்றும் வரவில்லை. வெறும் "மே" தான் வந்தது.

"கத்திக்கிட்டே இரு!" என்று மேலே இருந்து கரகரத்த சத்தம் வந்தது. "உன் சத்தத்தை வச்சு வந்துட்டிருக்கேன்!"

கத்திக்கொண்டே இருந்தாள். பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் ஒரு கோல் வந்தது, பிறகுதான் மேய்ப்பர் வந்தார். கோல் சரியான இடத்தில் விழுந்தது. ஓநாய் கையில் மைக் இருந்த காரணத்தால் பள்ளம் முழுக்கக் கேட்டது: "ஐயோ... யோ... யோ..."

ஓநாய் மைக்கைப் போட்டுவிட்டு ஓடியது.

மேய்ப்பர் மூச்சு வாங்கினார். முழங்கால் வரைக்கும் சேறு. எப்சியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "பயறு தின்னுச்சா? ஏன் என்கிட்ட வரலை?"

"நீங்க திட்டுவீங்கன்னு..."

"திட்டத்தான் செய்வேன். திட்டிட்டு மருந்து குடுப்பேன். கூறுகெட்டவளே, வாயைப் பிடி."

மடியிலிருந்த குப்பியைத் திறந்து, நல்லெண்ணெயில் ஓமம் காய்ச்சியதைப் புகட்டி, வயிற்றை நீவிவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு எப்சியிடமிருந்து, பின்பக்கமாக, பெரிய சத்தம் ஒன்று புறப்பட்டது. பள்ளத்துச் சுவரில் மோதித் தானாகவே எக்கோவோடு திரும்பி வந்தது.

"ஆமென்!" என்றாள் திர்சாள். அவ்வளவு மனசாரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கதை பட்டியெங்கும் பரவியது. கிளாடிஸ் அக்கா மட்டும் அசரவில்லை. "ஆளு ஓநாயா இருந்தா என்ன, மைக் நல்ல மைக்" என்று அதை எடுத்துவரச் செய்து, பட்டிக் கமிட்டி சார்பில் மேய்ப்பருக்குப் பொன்னாடையோடு கொடுத்தாள். அவர் அதைக் காட்டுக்கல் மாதிரி பட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மேய்ப்பர் வழக்கம்போல, "கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்" என்றார்.

திர்சாள் ஒரு கண்ணைத்தான் மூடினாள். எப்சியை முட்டவில்லை. ஜெபம் நடக்கும்போது மேய்ப்பர் அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அவர் ஓடைப்பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதி: ஜெபம் பண்ணும்போது கட்டாயம் கண்ணை மூட வேண்டும். ஒரு கண்ணை.