ஞானப்பல்லும் சிவப்பு வேஸ்ட் துணியும்

துணியைக் கண்ணால் பார்த்தே சாயம் நிற்குமா, போகுமா என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். தொண்ணூறுகளில் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஞானப்பல் வலி தாங்காமல், ஏற்றுமதிக்குப் போகும் சிவப்புப் பனியன் லாட் ஒன்றைத் துவைத்துப் பார்க்காமலே 'ஓகே' போட்டுவிட்டுப் பல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மறுநாள் காலை லாரி.

பிடுங்கும்போது வேரின் நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது.

"ஏனுங்க டாக்டர், ஒரே இழுவையா இழுத்துருங்க" என்றேன் (மரத்த வாயால் யோசனை வேறு).

"இழுத்தா உதடு ஆயுசுக்கும் மரத்தே கிடக்கும். சும்மா இரு கண்ணு."

தீப்பெட்டி லேபிள் அளவு பிலிமை வாயில் வைத்து எக்ஸ்ரே எடுத்து, மருந்தில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனிக்கு அடியிலேயே நரம்பு. அதைத் தொடாமல், காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல எடுத்தார். அப்படியொரு கையை எங்கள் கம்பெனியில் நான் பார்த்ததில்லை. வெள்ளைப் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, "ஒரு மணி நேரம் எடுக்கக்கூடாது" என்றார்.

கம்பெனிக்குள் நுழைந்ததுமே பஞ்சு ஊறிவிட்டது என்று துப்பிவிட்டு, கையில் கிடைத்த சிவப்பு வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கடித்துக்கொண்டேன். (மூக்குச் சிந்துவது முதல் மிஷின் துடைப்பது வரை எங்களுக்குப் பனியன் வேஸ்ட்தான்.) அரை மணியில் தாடை, சட்டை எல்லாம் சிவப்பு.

"ஐயோ, சூப்பர்வைசர் ரத்தம் கக்கறாரு!" என்று ஒரு டெய்லர் அக்கா அலற, முதலாளியே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

டாக்டரம்மா பதறவில்லை. துணியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். புதுப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, துண்டு ஏதும் மிச்சமா என்று இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார். படம் சுத்தம். பஞ்சும் ஏறக்குறைய வெள்ளை.

"ரத்தம் எப்பவோ நின்னு போச்சுங்களே" என்றவர், என் துணியின் காய்ந்த முனையை வெட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். தண்ணீர் ஆரத்தியாகிவிட்டது.

முதலாளி டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏப்பா, இது நாளைக்குப் போற லாட்டுதானே?"

வாயில் பஞ்சு. தலையை ஆட்டினேன்.

"ஓகே போட்டது நீதானே?"

அதற்கும் ஆட்டினேன்.

"திட்டாதீங்க. கண்டுபிடிச்சதும் இவரு வாய்தானுங்க" என்றார் டாக்டரம்மா. முதலாளி சிரித்துவிட்டார். லாரி நின்றது, லாட் சாயப்பட்டறைக்குத் திரும்பியது, என் வேலையும் தப்பியது.

இன்றும் ஜவுளிக்கடையில் சிவப்புச் சேலை எடுத்தால், என் மனைவி விலை கேட்கும் முன்பே முந்தானையை என்னிடம் நீட்டுவாள்: "ஏனுங்க, ஒரு கடி கடிச்சுச் சொல்லுங்க."

கடைக்காரர் முழிப்பார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இதுவரை ஒரு சேலைகூடச் சாயம் போனதில்லை.